சம்பளம் நிற்பதற்கு முந்தைய ஓராண்டு: தென்னாப்பிரிக்கத் தமிழர் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்க மக்களின் இடைநிலை வயது 2011 கணக்கெடுப்பில் 25 ஆக இருந்து, 2022 கணக்கெடுப்பில் 28 ஆக உயர்ந்தது. டர்பனைச் சுற்றிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளில் மக்கள் மூப்படைவதை அறிய எண்கள் தேவையில்லை. பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்குக்கோ வெளிநாட்டுக்கோ சென்றுவிட, தாத்தாவும் ஆயாவும் மட்டும் வாழும் வீடுகள் தெருவுக்குத் தெரு உள்ளன. ஓய்வு பெறுவோர் எடுக்க வேண்டிய முடிவுகளுள் சில, கையெழுத்திட்ட பிறகு மாற்ற முடியாதவை. ஆகவே குறைந்தது ஓராண்டு முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது.

முதலில், உங்கள் பணம் எங்கெங்கே இருக்கிறது என்று தேடுங்கள். டர்பன் நகரின் ஆடைத் தொழிற்சாலைகளில் உழைத்த நம் பெண்கள் பலர், மலிவான இறக்குமதித் துணிகளால் அவை மூடப்பட்டபோது வேறு வேலைக்குச் சென்றனர்; பழைய தொழிற்சாலையில் சேர்ந்திருந்த வருங்கால வைப்பு நிதியைக் கேட்டு வாங்காதவர்களும் உண்டு. தொழிற்சாலை மூடப்பட்டாலும் அந்தப் பணம் உங்களுடையதே. உரிமை கோரப்படாத தொகைகளை நிதித் துறை நடத்தை ஆணையத்தின் (FSCA) இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். தேடித் தருகிறேன் என்று பங்கு கேட்பவரிடம் போக வேண்டியதில்லை. கோவெண்டர், மூட்லி, பிள்ளை போன்ற குடும்பப் பெயர்களை எழுத்தர்கள் பலவாறு எழுதியிருக்கக்கூடும் என்பதால், அடையாள எண், பழைய சம்பளச் சீட்டு, திருமணத்துக்கு முந்தைய பெயர் ஆகிய மூன்றையும் கையில் வைத்துத் தேடுங்கள்.

அடுத்தது திருமணப் பதிவு. கோவிலிலோ வீட்டிலோ தாலி கட்டி, உள்துறை அலுவலகத்தில் பதிவு செய்யாமலே நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த தம்பதியர் நம்மிடையே உள்ளனர். சமய முறைப்படி மணந்தவரையும் ஓய்வூதிய நிதிச் சட்டம் துணைவராக ஏற்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை, கணவரை இழந்து நிற்கும் மனைவியின் மேல் விழுகிறது. இருவரும் நலமாக இருக்கும்போதே பதிந்துவிடுவது எளிது. ஓய்வூதிய நிதியில் நீங்கள் நிரப்பும் வாரிசு நியமனப் படிவமும் இறுதியானதன்று: நீங்கள் இறந்தால், உங்களைச் சார்ந்திருந்தவர்கள் யார் என்று விசாரித்து, அச்சட்டத்தின் 37சி பிரிவின்படி நிதியின் அறங்காவலர்களே தொகையைப் பங்கிடுவர். எனவே உங்கள் வருமானத்தை நம்பியிருப்பவர் பெயர்களை விடாமல் எழுதுங்கள்.

வேலையை விடும்போது கொடுக்கும் கடிதத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 2023 மார்ச் முதல் நடப்பில் உள்ள வரி அட்டவணைப்படி, ஓய்வு பெறும்போது எடுக்கும் மொத்தத் தொகையில் முதல் 550,000 ராண்டுக்கு வரியில்லை; ராஜிநாமா செய்து எடுத்தால் முதல் 27,500 ராண்டுக்கு மட்டுமே வரியில்லை. கடனை அடைக்கவோ மகள் திருமணத்துக்கோ அவசரப்பட்டு ராஜிநாமா செய்பவர் இந்த வேறுபாட்டை அறியாமல் இழக்கிறார். 2024 செப்டம்பர் 1 முதல், ஓய்வூதியச் சந்தாவை இரண்டாகப் பிரிக்கும் இரு பகுதித் திட்டம் (two-pot) வந்தது. அதில், அத்தேதிக்குப் பின் செலுத்தும் சந்தாவில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பகுதியில் சேர்கிறது. ஓய்வுக்கு முன்பே அதிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் சம்பளத்தோடு கூட்டி வரி விதிக்கப்படும். ஓய்வுக்கு ஓரிரு ஆண்டுகளே உள்ளவர் அதைத் தொடாமல் வைத்திருப்பதே என் கருத்தில் புத்திசாலித்தனம்.

மிகக் கடினமான முடிவு, மாத வருமானமாக மாற்ற வேண்டிய பெரும்பகுதியை எந்த வகையில் வாங்குவது என்பது. ஆயுள் முழுவதும் உறுதியாக வரும் ஓய்வூதியம் ஒன்று. பணம் முதலீட்டிலேயே இருக்க, ஆண்டுக்கு 2.5 முதல் 17.5 விழுக்காடு வரை நீங்களே எடுக்கும் வகை மற்றொன்று. பத்து லட்சம் ராண்ட் வைத்திருப்பவர் 17.5 விழுக்காடு எடுத்தால் மாதம் ஏறத்தாழ 14,580 ராண்ட் கிடைக்கும். 5 விழுக்காடானால் 4,170 ராண்டே கிடைக்கும். முதல் எண் கண்ணைக் கவரும், ஆனால் அந்த வேகத்தில் எடுத்தால் மூலதனம் சில ஆண்டுகளில் கரைந்துவிடும். இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்குப் பின்னர் மாறலாம். முதல் வகையிலிருந்து திரும்ப முடியாது. உணவு, மின்சாரம், மருந்து ஆகியவற்றின் செலவை உறுதியான ஓய்வூதியம் ஏற்கும்படி பிரித்துக்கொண்டு, மீதியை முதலீட்டில் விடலாம். உறுதியான வகையை வாங்கும்போது, உங்களுக்குப் பின் துணைவருக்கும் தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். விற்பவர் பெறும் கட்டணத்தையும் கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

மெடிக்கல் எய்ட் எனும் மருத்துவச் செலவுத் திட்டத்தில் உறுப்பினராக ஓய்வுக்குப் பிறகும் நீடிக்கலாம். நிறுவனம் செலுத்திவந்த பங்கு நின்றுவிடுமா என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். உயில் எழுதும்போது, அதில் பயன்பெறுபவரைச் சாட்சியாகக் கையெழுத்திட வைக்காதீர்கள்.

சேமிப்புக் குறைவானவர்கள் 60 வயதில் அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாசா (SASSA) வழங்கும் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே வயதுதான், 75 வயதைக் கடந்தவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். வருமானமும் சொத்தும் பரிசீலிக்கப்படும், மணமானவரானால் துணைவருடையதும் சேரும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய மாதங்களுக்குத் தொகை வராது என்பதால் பிறந்தநாளுக்குப் பின் தாமதிக்கக் கூடாது.

ஓய்வூதிய நிதி உங்களுக்கு உரிய பணத்தை இழுத்தடித்தால், முதலில் அதனிடமே எழுத்துமூலம் முறையிடுங்கள். பதில் நிறைவளிக்காவிட்டால் ஓய்வூதிய நிதித் தீர்ப்பாளரிடம் வழக்கறிஞர் இன்றி, கட்டணமின்றிப் புகார் செய்யலாம். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட விவகாரங்களை அவர் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே அனுப்பிய கடிதங்களின் நகல்களைத் தேதியோடு சேர்த்து வையுங்கள்.