சம்பள விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 2,72,000 ரூபாய் என்றார்கள். அவன் அதை 12-ஆல் வகுத்து, மாதம் 22,600 வரும் என்று நம்பி வண்டிக்குத் தவணையும் போட்டுவிட்டான். முதல் மாதம் வங்கியில் ஏறியது 18,410. “ஏமாத்திட்டாங்கண்ணா” என்று பே ஸ்லிப்பைக் கொண்டுவந்து நீட்டினான்.

ஏமாற்றவில்லை. அவர்கள் சொன்னது சி.டி.சி., அதாவது அவனுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. ஸ்லிப்பில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் 12,000, வீட்டு வாடகைப்படியும் மற்ற படிகளும் 8,000, ஆக கிராஸ், அதாவது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம் 20,000. அதிலிருந்து அவன் பங்காகப் பிடிப்பது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், 1,440 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிராஸில் 0.75 சதவீதம், 150 ரூபாய். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 650, கிராஜுவிட்டிக்கு (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்கும் 577, எல்லாமே அந்த 2,72,000-க்குள் அடக்கம். தொழில் வரி பிடிக்கும் மாதம் இன்னும் கொஞ்சம் குறையும். சேரும் முன்பே கிராஸ் எவ்வளவு, பேசிக் எவ்வளவு என்று கேட்டிருந்தால் இந்த அதிர்ச்சி இருந்திருக்காது.

“பிடித்தம் வேண்டாம், முழுசா கையில் கொடுங்க” என்பது அடுத்த தவறு. எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். நாம் 1,440 போட்டால் நிறுவனமும் 1,440 போடுகிறது; அதை வேண்டாம் என்பது கூலியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பது போல. வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தோடு அதிலுள்ள பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுபவர்கள் உண்டு. மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். எடுத்துவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

குறைந்தபட்சக் கூலி எல்லோருக்கும் ஒரே தொகை என்று நினைப்பதும் தவறு. தமிழ்நாட்டில் தொழிலுக்குத் தொழில், வேலைத் தரத்துக்கு ஏற்ப அது மாறும். அதனுடன் சேரும் அகவிலைப்படி, சென்னையின் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரலில் திருத்தப்படுகிறது. ஏப்ரல் ஸ்லிப்பை மார்ச் ஸ்லிப்போடு வைத்துப் பாருங்கள். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்த நேரத்தையும் நாள் போட்டு எழுதி வையுங்கள். தொழிற்சாலையில் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்பது சட்டம்.

அப்புறம், சம்பள உயர்வு கேட்கும் விதம். “வாடகை ஏறிடுச்சு சார்” என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். கஷ்டம் உண்மைதான். ஆனால் முதலாளி பார்ப்பது வேறு: இவர் போனால் இதே வேலைக்கு இன்னொருவர் எவ்வளவுக்குக் கிடைப்பார்? சி.என்.சி. மெஷினில் (கணினி கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் இயந்திரம்) ஜாப், அதாவது கடைய வேண்டிய துண்டை மாட்டி பட்டன் அழுத்த ஆள் சீக்கிரம் கிடைத்துவிடும். டூல் தேய்ந்ததைக் கவனித்து, அதற்கேற்ப மெஷினில் அளவுத் திருத்தமான ஆஃப்செட்டை மாற்றி, புதிய ஜாப்புக்குத் தானே செட்டிங் போடுபவர், அதாவது செட்டர், அவ்வளவு எளிதில் கிடைக்க மாட்டார். பக்கத்துப் பட்டறையில் செட்டருக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

பையன் இப்போது நைட் ஷிஃப்டில் செட்டர் பக்கத்தில் நின்று ஆஃப்செட் போடக் கற்றுக்கொண்டிருக்கிறான்.