பிள்ளை கேட்கும் கேள்வியே பாடம்

பள்ளியை விட்டு நின்று வீட்டிலேயே கற்கும் பிள்ளைக்கு மறுநாளே அட்டவணை போடாதீர்கள். முதல் சில மாதம் அது கேட்பதை மட்டும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும் “எவ்வளவு வேகமா போகுது?” என்ற கேள்வி தானாக வரும். கரையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். முதல் குச்சிக்குச் சற்று மேலே வாழைமட்டைத் துண்டைப் போட்டு, கடக்கும் நொடியை மூன்று முறை குறித்துப் பிள்ளையே சராசரி எடுக்கட்டும். 20 நொடி என்றால் நொடிக்கு அரை மீட்டர். அடித்தண்ணீரை மண்ணும் கோரையும் இழுத்துப் பிடிப்பதால் மேல்தண்ணீர்தான் வேகம், 0.85-ஆல் பெருக்கினால் மொத்தத் தண்ணீரின் சராசரி வேகத்துக்குப் பக்கத்தில் வரும். மதகருகே அளந்தால் சுழல் கணக்கைக் கெடுக்கும், ஆபத்தும்கூட. யாரும் இறங்க வேண்டாம். பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

வயலை அளக்க 12 அடிக் கோல் போதும். கோலுக்குக் கோல் ஒரு குழி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. அதை சென்ட்டாக்கினால் (சுமார் 33) தசமம் வந்துவிடும்.

கெடுவது பெரும்பாலும் நம்மால்தான்: ஒன்று கேட்டால் பத்து சொல்லிவிடுகிறோம். எழுந்து போனால் விட்டுவிடுங்கள்.

சான்றிதழுக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்.