இணையம் வரும் முன் காலேஜ் ஃபுட்பால் ஆள்பிடிப்பைத் துரத்துவது எப்படி

1980-களின் கடைசி, அமெரிக்கா, நீங்கள் ஒரு கல்லூரி ஃபுட்பால் அணியின் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) வெறியர் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பள்ளிப் பையன் நம் அணிக்கு வருவான் என்று தெரிய வேண்டுமா? முதலில் தபாலில் வரும் நியூஸ்லெட்டருக்குச் சந்தா கட்டுங்கள். கையில் கிடைப்பதற்குள் செய்தி ஆறிப்போயிருக்கும், பரவாயில்லை, உயரம், எடை, 40 கஜ ஓட்ட நேரம் எல்லாம் இருக்கும் (அந்த நேரத்தை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்). அவசரமென்றால் 900-இல் தொடங்கும் எண்ணுக்கு போன் போடலாம். பதிவு செய்த குரல் இழுத்து இழுத்துப் பேசும், நிமிடக் கணக்கில் பில் ஏறும், அதனால் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து ஒரே தடவையில் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு பள்ளி மைதானத்துக்கே போய்ப் பையன்களின் ஆட்டத்தைப் பார்ப்பது இன்னும் நல்லது. அப்புறம் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, கையெழுத்து நாள், அதாவது பையன்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடப்போகிறார்கள் என்று கையெழுத்துப் போடும் நாள். பையன்களின் ஒப்பந்தத் தாள்கள் பயிற்சியாளர் அலுவலகத்து ஃபேக்ஸில் வந்து விழும். உங்களுக்கு முழுப் பட்டியல் மறுநாள் பேப்பரில்தான்.