ஆறு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் எத்தனை இணைகோடு?

ஓணத்துக்கு முந்தின வாரம். எங்கள் செங்கோட்டைப் பக்கம் பூ ஏற்றிய வண்டிகள் புளியரை தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் திண்ணையில் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, "மாமா, கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி இருந்தா அது வழியா ஒரே ஒரு இணைகோடுதான் வரும்னு போட்டிருக்கே, இதை யாரு நிரூபிச்சா?" என்று கேட்டாள்.

யாரும் நிரூபிக்கவில்லை. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் அதை ஐந்தாவது எடுகோளாக (நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்றாக) வைத்தார், அவ்வளவுதான். அவர் எழுதியது இன்னும் சுற்றிவளைத்து இருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் சுருக்க வடிவம் 1795இல் பிளேஃபேர் பிரபலமாக்கியது. 1733இல் சக்கேரி ஒரு புத்தகமே போட்டு நிரூபிக்கப் பார்த்தார், நடக்கவில்லை. அப்புறம் லோபசெவ்ஸ்கி (1829), யானோஷ் போயாய் (1832) இருவரும் தனித்தனியாக, அந்த எடுகோள் இல்லாமலும் ஒரு வடிவியல் நிற்கும் என்று எழுதினார்கள்.

இதைச் சொன்னால் பிள்ளைக்குப் புரியவா போகிறது? எனக்கே கையால் வரைந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. அன்று நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் புளியங்கொட்டை

மூன்று கொட்டைகளைத் தரையில் வையுங்கள். கொட்டைதான் புள்ளி, எந்த இரண்டு கொட்டையும் சேர்ந்தால் ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் பொதுவான கொட்டை இல்லையென்றால் அவை இணை. மூன்று கொட்டையில் இணைகோடே கிடையாது. நான்காவதை வையுங்கள். ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு, மிச்சமிருப்பதில் ஒரு கொட்டை வழியாகப் பாருங்கள், சரியாக ஒரே ஒரு இணைகோடு வரும். ஐந்து வைத்தால் இரண்டு வரும்.

"அப்போ நாமளா வச்சுக்கிறதுதானா மாமா?" என்றாள். கொட்டை விளையாட்டில் ஆமாம். ஆனால் இதில் நீளம் இல்லை, கோணம் இல்லை, யூக்ளிடின் மற்ற எடுகோள்களில் பாதிக்கு இங்கே அர்த்தமே கிடையாது. அதனால் இதை வைத்து அவரை மடக்கிவிட முடியாது.

பந்தும் ரப்பர் பேண்டும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரப்பர் பந்தின் சரிநடுவில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டினால் நிற்கும். கொஞ்சம் மேலே மாட்டினால் நழுவிச் சுருங்கி ஓடிவிடும். நிற்பதுதான் பந்தின் மேல் நேர்கோடு. உலகப்படத்தில் இருக்கும் அட்சக்கோடுகள் இணைகோடுகள்தானே என்று கேட்பவர்களுக்கு இந்த நழுவலே பதில், பூமத்திய ரேகையைத் தவிர மற்றவை நேர்கோடே இல்லை. நடுவில் மாட்டிய எந்த இரண்டு பேண்டும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும், ஆக இங்கே இணைகோடு கிடையாது. ஆனால் கோட்டை முடிவில்லாமல் நீட்டலாம் என்ற கதையும் பந்தின் மேல் செல்லாது. ஐந்தாவது மட்டும் உடைந்து மற்றது எல்லாம் நிற்கும் இடம் வேண்டுமென்றால் அடுத்ததற்கு வாருங்கள்.

வட்டத்துக்குள் ஒரு உலகம்

இது பெல்ட்ராமி என்ற கணித அறிஞர் 1868இல் காட்டிய மாதிரிகளில் ஒன்று, பின்னால் புவான்கரே பெயரில் நிலைத்துவிட்டது. ஒரு ஏ4 தாள், காம்பஸ், அடிஸ்கேல், கோணமானி போதும். ஜியோஜீப்ரா என்ற கணினி மென்பொருளில் சுலபமாக வரும், ஆனால் முதல் தடவை கையால் போடுங்கள் என்றுதான் சொல்வேன், மவுசை இழுத்தால் எல்லாம் தானாக வந்துவிடும், ஏன் வந்தது என்று தெரியாது. காம்பஸில் திருகு இறுக்கமாக இருக்கட்டும். பாக்ஸோடு வரும் லொடலொட காம்பஸில் இந்த வேலை ஆகாது.

தாளின் அகலத்துக்கு நடுவில், கொஞ்சம் கீழே தள்ளி ஒரு மையம் குறித்து 6 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். உலகம் இந்த வட்டத்துக்கு உள்ளே மட்டும்தான், விளிம்பு சேர்த்தி இல்லை. கிடையாக ஒரு விட்டம் வரையுங்கள், அதுதான் நமக்குக் கொடுக்கப்பட்ட கோடு. மையத்துக்கு நேர் மேலே 3 செ.மீ.யில் ஒரு புள்ளி வையுங்கள், அதைக் கு என்று வைத்துக்கொள்வோம்.

இந்த உலகத்தில் நேர்கோடு என்பது இரண்டு வகை. ஒன்று விட்டம். மற்றது, விளிம்பை இரண்டு முனையிலும் செங்குத்தாக வெட்டும் வில். கண்பார்வையில் வளைத்துப் போட்டால் செங்குத்து வராது, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆரத்தின் வர்க்கம் 36. அதைக் கு இருக்கும் உயரமான 3ஆல் வகுத்தால் 12. மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடு 7.5. மையத்திலிருந்து 7.5 செ.மீ. உயரத்தில் ஒரு கிடைக்கோட்டைப் பென்சிலால் லேசாகப் போடுங்கள். கு வழியாகப் போகும் எந்த வில்லுக்கும் காம்பஸ் ஊசி இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கும்.

ஊசியை முதலில் மையத்துக்கு நேர் மேலே வைத்து, 4.5 செ.மீ. விரித்து, வட்டத்துக்குள் மட்டும் வில்லை வரையுங்கள். கு வழியாகப் போகிறது, விட்டத்தைத் தொடவில்லை. ஒரு இணைகோடு வந்தாச்சு. இப்போது ஊசியை அதே பென்சில் கோட்டில் 1 செ.மீ. வலப்பக்கம் நகர்த்துங்கள். காம்பஸை மறுபடி விரிக்க வேண்டும், பென்சில் முனை கு மேல் படும் அளவுக்கு. நான் பழைய விரிப்பிலேயே நாலு வில் போட்டுவிட்டு, எதுவும் கு வழியாகப் போகவில்லையே என்று தாளைத் தூக்கிப் போட்டேன்.

இப்படியே 2, 3, 4 என்று நகர்த்துங்கள். ஒன்றுகூட விட்டத்தைத் தொடாது. 6இல் விரிப்பு 7.5 வரும், வில் சரியாக விட்டத்தின் நுனியில் விளிம்பைப் போய்த் தொடும், விளிம்பு உலகத்தில் சேர்த்தி இல்லை என்பதால் அதுவும் இணைதான். 6.5இல் வைத்தால் விரிப்பு ஏறக்குறைய 7.9, வில் விட்டத்தை மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி வெட்டிவிடும். இடப்பக்கமும் இதே கதை. ஆக, ஊசி இடம் 6 முதல் வலம் 6 வரை எங்கே நின்றாலும் இணைகோடு. எண்ணி முடியாது!

என்னை இரண்டு நாள் உட்காரவைத்த இடம்

கடைசி இணைகோடு, அதாவது ஊசி 6இல் நின்ற வில், கு புள்ளியில், அங்கிருந்து மையத்துக்கு இறங்கும் செங்குத்துக் கோட்டோடு எத்தனை பாகை கோணம் ஆக்குகிறது என்று பாருங்கள். சாதாரணத் தாளில் இணைகோட்டுக்கு அது 90. இங்கே 36.9 வர வேண்டும். எனக்கு 63 வந்தது. மறுபடி வரைந்தேன், மறுபடி 63. தாளைச் சந்தேகப்பட்டேன், கோணமானியைச் சந்தேகப்பட்டேன்.

தப்பு என்னவென்றால், கு முதல் விளிம்பு வரை ஸ்கேலை நேராக வைத்துக் கோணம் அளந்துவிட்டேன். வில்லின் கோணம் என்றால் தொடுகோட்டின் கோணம். ஊசி நின்ற இடத்தையும் கு புள்ளியையும் சேர்த்துக் கோடு போட்டு, அதற்குக் கு மேல் செங்குத்து எடுங்கள், அதுதான் தொடுகோடு. அதை அளந்தால் 37க்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

முக்கோணத்துக்கும் இதே முறைதான். மையம், கு, அப்புறம் விட்டத்தில் 4 செ.மீ. புள்ளி, இந்த மூன்றையும் எடுங்கள் (6.5இல் போட்ட வில்தான் மூன்றாவது பக்கம்). 90, 34.7, 18.4 என்று வந்து கூட்டுத்தொகை 143 பாகையில் நிற்கும். 180 ஆகாது.

கோழிக்கொண்டை

தட்டையான தாளில் வளைந்து தெரிவதை நேர்கோடு என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை என்றால் பழைய மாதக் காலண்டரை எடுத்து 5 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணங்களாக வெட்டுங்கள். ஒரு முனையைச் சுற்றி ஆறு ஒட்டினால் தட்டையாகப் படியும், ஐந்து என்றால் குழிந்த கிண்ணம். ஏழு ஒட்டுங்கள். எல்லா முனையிலும் ஏழு. இரண்டாவது சுற்றிலேயே காகிதம் மிஞ்சி, ஓரம் கோழிக்கொண்டைப் பூ மாதிரி நெளிந்து நிற்கும். பசை வேண்டாம், செல்லோடேப் போடுங்கள், பசையில் மடிப்பு விட்டுக்கொள்ளும். வட்டத்துக்குள் பார்த்த அதே உலகத்தின் கையில் பிடிக்கும் வடிவம்தான் இது. இந்தத் தளம் முழுவதையும் நம் வெளியில் மழமழவென்று ஒரே சீராகச் செய்யவே முடியாது என்று ஹில்பர்ட் 1901இல் காட்டிவிட்டார், அதனால் ஓரத்தில் கிழிந்தால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். 1997இல் டைனா டைமினா இதையே குரோஷே ஊசியால் பின்னிக் காட்டினார். எங்கள் அம்மாவுக்குக் குரோஷே தெரியும், கேட்டால் "வேலையத்தவன்" என்கிறாள்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவர், தண்டவாளம்தானே இணைகோட்டுக்கு உதாரணம் என்று கேட்டு எழுதியிருந்தார். நல்ல கேள்வி. எங்கள் ஊர் வழியாகக் கொல்லம் போகும் பாதை மீட்டர் கேஜாக இருந்தபோது இடைவெளி 1000 மி.மீ., 2018இல் முழுதும் அகலப்பாதை ஆனபின் 1676 மி.மீ. எதுவானாலும் கடைசி வரை ஒரே இடைவெளி. வட்டத்துக்குள் இருக்கும் உலகத்தில் அப்படி நடக்காது. ஒரு தண்டவாளம் நேர் என்றால், அதிலிருந்து மாறாத தூரத்தில் போகும் இன்னொன்று நேர்கோடாக இருக்க முடியாது. இரண்டும் நேர் என்றால் இடைவெளி மாறியே தீரும், ரயில் கவிழும்.

பின்சேர்க்கை 2: பாலக்காட்டிலிருந்து ஒரு தங்கை, தனக்கு 37 வராமல் 23 வருகிறது என்று எழுதினார். அவர் கு புள்ளியை 4 செ.மீ.யில் வைத்திருந்தார். அப்படியானால் 23தான் சரி (பென்சில் கோடு அப்போது 6.5 உயரத்தில் வரும், கடைசி வில்லின் விரிப்பும் 6.5). 2 செ.மீ.யில் வைத்தால் உயரமும் விரிப்பும் 10, கோணம் 53. 1 செ.மீ.க்கு உயரம் 18.5, ஏ4 தாளில் ஊசி வைக்க இடம் வேண்டுமென்றால் வட்டத்தை இன்னும் நன்றாகக் கீழே தள்ளிப் போடுங்கள், கோணம் 71 வரும். புள்ளி விட்டத்தை நெருங்க நெருங்க 90ஐத் தொடப் போகிறது.