ரோஸ் சீட்டைக் கவனியுங்கள்: இடைத்தேர்தலில் முதன்முறை பூத் ஏஜெண்டாக உட்காருபவருக்கு

எங்கள் விளவங்கோடு தொகுதியில் 2024 ஏப்ரல் 19ஆம் தேதி ஒரே அறையில் இரண்டு தேர்தல் நடந்தது. ஒன்று கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்கு. இன்னொன்று, எம்.எல்.ஏ. ராஜினாமா செய்ததால் வந்த சட்டமன்ற இடைத்தேர்தல். அருமனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட பூத்தில் நான் சட்டமன்ற வேட்பாளர் ஒருவருக்கு ஏஜெண்டாக உட்கார்ந்தேன். யாருக்கு என்று சொல்லப்போவதில்லை; சொன்னால் பாதிப் பேர் இத்தோடு எழுந்து போய்விடுவீர்கள். ரப்பர் ஷீட் வாங்கி விற்பது என் தொழில். தேர்தல் வந்தால் ஒரு நாள் கடைக்கு லீவு, பூத்துக்கு டியூட்டி. இப்போது என் அக்கா மகன் அடுத்த தேர்தலில் உட்காரப் போகிறேன் என்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இடம் எப்படிக் காலியானது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வரிசையில் நிற்கும் பெரியவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்: "இப்பதானே ஓட்டுப் போட்டோம், மறுபடி எதுக்கு?" விஜயதரணி காங்கிரஸ் சார்பில் 2011, 2016, 2021 என்று மூன்று முறை இங்கே ஜெயித்தவர். 2024 பிப்ரவரி 24ஆம் தேதி டெல்லியில் பா.ஜ.க.வில் சேர்ந்தார், எம்.எல்.ஏ. பதவியையும் ராஜினாமா செய்தார். ராஜினாமாக் கடிதம் சபாநாயகருக்குப் போக வேண்டும். அது தானாக விரும்பி எழுதியதுதான், உண்மையானதுதான் என்று அவருக்குத் திருப்தி ஏற்பட்டு ஏற்றுக்கொண்டால்தான் இடம் காலி. மறுநாளே அப்போதைய சபாநாயகர் அப்பாவு ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். சட்டசபையின் மிச்ச ஆயுள் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. எங்களுக்கு 2026 வரை காலம் இருந்ததால் நடத்தியே ஆக வேண்டும். மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தலை அறிவித்தபோதே இதையும் சேர்த்து அறிவித்துவிட்டார்கள்.

அதே மார்ச்சில் திருக்கோவிலூரும் காலி என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கே எம்.எல்.ஏ.வாக இருந்த பொன்முடி பதவி இழந்தது வழக்கில் கிடைத்த தண்டனையால். உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்ததும் இடைத்தேர்தல் பேச்சே இல்லாமல் போனது. ராஜினாமாவில் அந்தக் கதை கிடையாது. போனது போனதுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஏஜெண்டாக உங்களை நியமிக்கும் தாள் படிவம் 10. வேட்பாளரோ அவருடைய தலைமை ஏஜெண்டோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இரண்டு தேர்தல் சேர்ந்து நடந்தால் மக்களவை வேட்பாளருக்கு ஒரு ஏஜெண்ட், சட்டமன்ற வேட்பாளருக்கு ஒரு ஏஜெண்ட். படிவத்தில் எந்தத் தேர்தல் என்பது சரியாக இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். பூத்தில் உள்ள தலைமை அலுவலரிடம் (நாங்கள் பி.ஓ. என்போம்) மாதிரிக் கையெழுத்து இருக்கும், அதோடு ஒத்துப் பார்ப்பார். ஒருமுறை எனக்குத் தந்த படிவத்தில், அவசரத்தில் யாரோ கூட இருந்தவர் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டிருந்தார். காலை ஐந்தரை மணிக்கு வாசலில் நின்றுகொண்டு போன் மேல் போன் போட்டேன். புதுப் படிவம் வந்து சேர்ந்தபோது மணி எட்டு. அந்த இரண்டரை மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்கள் கையெழுத்தை மட்டும் முன்கூட்டிப் போட்டுவிடாதீர்கள், அதை பி.ஓ. முன்னால்தான் போட வேண்டும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: வாக்காளர் அட்டை, பட்டியல் நகல், இரண்டு பேனா, ஒரு சின்ன நோட்டு, அப்புறம் சில்லறையாக சில இரண்டு ரூபாய். சில்லறை எதற்கு என்று பிறகு சொல்கிறேன். போனை வீட்டில் வைத்துவிடுங்கள், உள்ளே விடமாட்டார்கள்.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு. இதைத் தவறவிடும் ஏஜெண்டைப் பாதி ஏஜெண்ட் என்றுதான் சொல்வேன். குறைந்தது ஐம்பது ஓட்டு போட்டுக் காட்டுவார்கள், நோட்டா உட்பட எல்லாப் பட்டனுக்கும். இரண்டு இயந்திரம் இருந்தால் இரண்டிலும். சட்டமன்ற இயந்திரத்தின் முறை வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். "அதே மாதிரிதான் சார், வேகமா முடிச்சிரலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பட்டனுக்கு எத்தனை என்று நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள்; ரிசல்ட்டோடும், விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சடித்துக் காட்டும் கருவி) பெட்டியில் விழுந்த துண்டுச் சீட்டுகளோடும் ஒத்துப் பாருங்கள். பிறகு 'கிளியர்' அழுத்தி எல்லாம் பூஜ்யம் என்று காட்ட வேண்டும், விவிபேட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுத்துவிட வேண்டும். பச்சை பேப்பர் சீலில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போடும்போது அதன் எண்ணையும், ஓட்டுகள் பதிவாகும் கண்ட்ரோல் யூனிட்டின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தேர்தலுக்கும் தனித்தனியாக.

இனி நாள் முழுவதும் நடப்பதைச் சொல்கிறேன். வாக்காளர் வருகிறார், பெயரைச் சத்தமாக வாசிக்கிறார்கள், நீங்கள் பட்டியலில் டிக் செய்கிறீர்கள். இடது ஆள்காட்டி விரலில் மை, பதிவேட்டில் கையெழுத்து. இரண்டு தேர்தலுக்கும் மை ஒரே தடவைதான். அப்புறம் இரண்டு சீட்டு தருவார்கள்: மக்களவைக்கு வெள்ளை, சட்டமன்றத்துக்கு ரோஸ். வெள்ளையைக் கொடுத்து ஒரு மறைப்பில் ஓட்டு. 'பீப்' சத்தம். பிறகு ரோஸைக் கொடுத்து அடுத்த மறைப்பில் இன்னொரு ஓட்டு, இன்னொரு 'பீப்'.

இந்த இரண்டாவது 'பீப்'தான் உங்கள் வேலை. சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று வெளியே போகும் பழக்கம் நம் ஆட்களுக்கு. காலையில் கூட்டம் அவ்வளவாக இல்லை. எங்கள் ஊரில் ரப்பர் பால் வெட்டி, ஷீட் அடித்து, கட்டன் சாயா குடித்த பிறகுதான் வருவார்கள். ஒன்பதரை மணிக்கு மேல் ஒரே நெரிசல். அப்போது ஒரு பாட்டியம்மா வெள்ளைச் சீட்டைக் கொடுத்து ஓட்டுப் போட்டுவிட்டு நேரே வாசலுக்கு நடந்தார். ரேஷன் கார்டு உறைக்குள் வாக்காளர் அட்டை, அதோடு மடித்த ரோஸ் சீட்டு நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. பத்திரமாக வைத்துக்கொள்ளத் தந்தது என்று நினைத்தாரோ என்னவோ. நான் பாட்டியைக் கூப்பிடவில்லை. ஏஜெண்ட் வாக்காளரிடம் பேசக் கூடாது. பேசினால் பக்கத்தில் இருக்கும் ஏஜெண்ட் பிரச்சாரம் என்று எழுந்துவிடுவார். பி.ஓ.வைப் பார்த்து, "சார், அந்த அம்மா கையில ரோஸ் சீட்டு இருக்கு" என்றேன். பாட்டி நிலைப்படி தாண்டுவதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார். வேட்பாளர் யாரானாலும் இப்படித்தான் செய்ய வேண்டும். அந்தப் பாட்டி யாருக்குப் போட்டாரோ, எனக்கென்ன தெரியும்?

மத்தியானம் ஒரு பையன் வந்தான். ரோஸ் சீட்டை மேசையில் வைத்துவிட்டு, "எம்.பி.க்கு மட்டும்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பி.ஓ. கூப்பிட்டும் திரும்பவில்லை. கட்டாயப்படுத்த முடியாது, அது அவன் உரிமை. பதிவேட்டில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் நோட்டிலும் வரிசை எண்ணோடு எழுதுங்கள்.

இப்போது அந்த இரண்டு ரூபாய். வந்திருப்பவர் அந்தப் பெயருக்கு உரியவர் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் இரண்டு ரூபாய் கட்டி சேலஞ்ச் செய்யலாம், பி.ஓ. விசாரிப்பார். வளைகுடாவில் வேலை செய்பவர்கள் எங்கள் பட்டியலில் நிறைய. இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் பட்டியல் ஒன்று பி.ஓ.விடம் இருக்கும், அதிலுள்ள பெயர் வாசிக்கப்பட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். வேலித் தகராறுக்காக அடுத்த வீட்டுக்காரரை சேலஞ்ச் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அற்பமான புகார் என்றால் காசு அரசாங்கத்துக்கு, அவமானம் உங்களுக்கு. உண்மையான ஆள் வரும்போது அவர் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்திருந்தால் திருப்பி அனுப்ப விடாதீர்கள். அவருக்கு டெண்டர் ஓட்டு உண்டு, அது இயந்திரத்தில் இல்லை, தாளில்.

களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே வாக்குப்பதிவு ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 26. இரண்டு பக்கமும் பெயர் வைத்திருக்கும் சிலர் அன்று விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததாகக் கேள்வி.

சாப்பாட்டுக்குப் போவதானால் மாற்று ஏஜெண்ட் வந்து உட்கார்ந்த பிறகு எழுந்திருங்கள். டிக் செய்த பட்டியலை வெளியே கொண்டுபோகக் கூடாது.

மாலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் தருவார்கள், கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி. அவர்கள் போட்டு முடித்ததும் 'குளோஸ்' பட்டன். கண்ட்ரோல் யூனிட்டில் மொத்தம் தெரியும். இந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் வீடு ஞாபகம் வரும். முன்பு ஒரு தேர்தலில் நானும் அப்படிக் கிளம்பி, 17சி படிவத்தை வாங்காமல் வந்து, எண்ணுகிற நாளில் பதில் சொல்ல முடியாமல் விழித்தேன். பதிவான ஓட்டுக் கணக்கு அதில்தான் இருக்கிறது. வாக்குப்பதிவு முடியும்போது அங்கே இருக்கும் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் அதன் நகல் தர வேண்டும் என்பது விதி, கெஞ்ச வேண்டியதில்லை. மக்களவைக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று. உங்களுக்கு எதுவோ அதை வாங்கி, இயந்திர எண், சீல் எண், மொத்தம் மூன்றையும் உங்கள் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். முடிந்தால் மற்ற தேர்தலின் மொத்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பூத்தில் சட்டமன்ற மொத்தம், மக்களவை மொத்தத்தைவிட ஒன்று குறைவு.

இயந்திரங்கள் நாகர்கோவில் கோணம் பொறியியல் கல்லூரிக்குப் போய் 46 நாள் பூட்டிக் கிடந்தன. ஜூன் 3ஆம் தேதி கவுண்டிங் ஏஜெண்டிடம் என் 17சி நகலைக் கொடுத்தேன். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு ஓட்டு எங்க போச்சு?" என்றார். நோட்டைப் பிரித்து, அந்தப் பையனின் வரிசை எண்ணைக் காட்டினேன். அவர் 17சியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். மறுநாள் காங்கிரஸ் வேட்பாளர் தாரகை கத்பர்ட் 40 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சாயங்காலம் கவுண்டிங் ஏஜெண்ட் போன் செய்தபோது நான் கடையில் ஷீட் எடை போட்டுக்கொண்டிருந்தேன். "நம்ம பூத்து நம்பர் சரியா இருந்துது அண்ணே" என்றார்.