இளம் பாடகர்களை வளர்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

கர்நாடக சங்கீதம் கற்கும் குழந்தைக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், உடனே போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடுகிறோம். இரண்டு மூன்று கீர்த்தனைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பாட வைக்கிறோம். பாடும்போதே கற்பனையில் பிறக்க வேண்டிய கல்பனை ஸ்வரத்தைக்கூட நோட்டில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். மனோதர்மம் என்பதே அந்த நேரத்தில் தோன்றுவதைப் பாடுவதுதானே! தாளம் தப்பினாலும் பரவாயில்லை, வகுப்பில் சொந்தமாக ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஸ்வரம் பாட விடுங்கள். போட்டிப் பரிசைவிட அதுதான் பிற்காலத்தில் கைகொடுக்கும்.

மகரக்கட்டு உடையும், அதாவது குரல் உடையும் வயதில் பையன்களுக்கு நடப்பது இன்னும் வருத்தமானது. பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் குரல் இறங்குகிறது. ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடிய பையன் ஒன்றரைக் கட்டைக்கு வர நேரலாம். ஒப்புக்கொண்ட கச்சேரிக்காகப் பழைய சுருதியிலேயே கத்த வைப்பது ஒரு தவறு. ‘குரல் போச்சு’ என்று பாட்டையே நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய தவறு. சுருதியை இறக்கி, தாழ்ந்த மந்தர ஸ்தாயியில் மெதுவாகக் கொஞ்ச நேரம் ‘ஆ’ என்று பாடிப் பழகும் அகார சாதகம் செய்தால் போதும். மீதி நேரம் நிறையக் கேட்கட்டும், தாளமும் லயமும் பழகட்டும். கரகரப்பு வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண் குழந்தைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறும், அவ்வளவாக வெளியே தெரியாது. யாரோ ஒரு பெரிய பாடகி பாடுகிறார் என்பதற்காக அவர்களையும் ஆறு கட்டைக்கு ஏற்ற வேண்டாம்.

அப்புறம் மேடை. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், ராகம் தானம் பல்லவி, கடைசியில் பாடும் சிறு பாட்டுகளான துக்கடா என்று இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பு பெரிதும் இருபதாம் நூற்றாண்டுப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீண்ட கச்சேரிகளில் ஊறிய முறை அது. இளைஞர்களுக்குக் கிடைக்கும் ஒன்றரை மணி நேர மதியக் கச்சேரிக்குள் அத்தனையையும் திணித்தால் எதுவும் நிற்காது. ஒரு ராகத்தை எடுத்து வார்த்தையில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை, பாட்டின் ஒரு வரியைப் பலவிதமாக விரிக்கும் நிரவல், ஸ்வரம் என்று நிதானமாகப் பாடி, தனி ஆவர்த்தனத்துக்குப் போதிய நேரம் விட்டாலே கச்சேரி நிறைந்துவிடும். அந்தப் பிரதான உருப்படி, தமிழில் கீர்த்தனை இயற்றிய முத்துத்தாண்டவர் பாடலாகவோ மாரிமுத்தாப் பிள்ளை பாடலாகவோ இருக்கலாமே! தமிழ்ப் பாட்டு என்றால் கடைசியில் துக்கடாதான் என்ற பழக்கத்தை இளைஞர்கள் தலையில் நாம் ஏற்ற வேண்டியதில்லை.

மேடையில் ஐபேடைப் பார்த்துப் பாடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சாகித்தியம், அதாவது பாட்டின் வரிகள், மனதில் இல்லாமல் நிரவல் வராது.

ரசிகர்களும் சபாக்களும் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் வலிப்பது பணம் சம்பந்தப்பட்டது. மார்கழியில் சென்னை சபாக்கள் பலவற்றில் மதியக் கச்சேரிக்கு அனுமதி இலவசம். பாடுபவருக்குச் சன்மானம் பெயரளவுக்குத்தான். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கைக்காசு போட்டுக் கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘மேடை கொடுத்ததே பெரிது’ என்று சொல்லிச் சொல்லி, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தாக்குப்பிடிக்கக்கூடிய துறையாக இதை ஆக்கிக்கொண்டிருக்கிறோம். நூறு ரூபாயாவது டிக்கெட் வைத்து, வசூலைக் கலைஞர்களுக்கே கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகிற செலவையும் அதில் சேர்க்கலாம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போவதையும் விட வேண்டும். அங்கே வாசிப்பவரும் வளர்ந்துவரும் பிள்ளைதான்.

சபா கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டில் முப்பது பேர் உட்கார இடம் இருந்தால் போதும். முறையான சன்மானம் பேசி, ஒரு பாடகரையும் இரண்டு பக்கவாத்தியக்காரர்களையும் அழையுங்கள். மைக் வேண்டாம். மைக் இல்லாமல் பாடும்போதுதான் குரலைத் திறந்து பாடவும், பக்கத்தில் வாசிப்பவரைக் காது கொடுத்துக் கேட்கவும் அந்தப் பிள்ளைகளுக்குப் பழகும்.