வளர்ந்த முகமா, உடைந்த பிளவா?

குன்னூர் மலைப்பாதைக்காக வெட்டிய பாறையடியில் கறுப்புத் துண்டு ஒன்று மின்னும். திருப்பினால் கண்ணாடிபோல் இரண்டு பக்கம். கல் சேகரிக்கப் புதிதாக வந்தவர்கள் உடனே “படிகம்!” என்று பக்கங்களை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். கழுவாமல் பார்ப்பது, லென்ஸ் இல்லாமல் பார்ப்பது போன்ற தவறெல்லாம் நாளடைவில் தானே திருந்தும். இந்த ஒன்று மட்டும் லேசில் திருந்துவதில்லை.

பிளவைப் படிக முகம் என்று நம்புவது

முகம் என்பது கனிமம் வளர்ந்து நின்ற இடம். பிளவு என்பது அது உடைந்த இடம். இரண்டுமே தட்டையாக இருக்கும், இரண்டுமே பளபளக்கும். அணுக்கட்டு தளர்ந்த திசையில்தான் பிளவு விழும். கால்சைட் என்ற கனிமத்தை எப்படித் தட்டினாலும் பக்கங்கள் 75, 105 பாகையில் சாய்ந்த துண்டுகளே வரும். வளர்ந்தபோது அது நாய்ப்பல்லைப் போலக் கூராக இருந்திருக்கலாம். ஃப்ளோரைட் என்ற கனிமம் பெரும்பாலும் கனசதுரமாக வளரும். கடைகளில் கிடைக்கும் எட்டு முகத் துண்டு அநேகமாகப் பிளந்து எடுத்ததுதான். அதற்கு ‘எண்முகப் படிகம்’ என்று சீட்டு எழுதி, அடுத்து வரும் கல்லையும் அதோடு ஒப்பிட்டால் பெட்டி முழுக்கக் குளறுபடி.

10 மடங்கு லென்ஸை எடுத்து, கல்லை வெயிலில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பிளவுப் பக்கத்தில் படிக்கட்டுபோல் சின்னச் சின்ன மட்டங்கள் இருக்கும். அத்தனையும் ஒரே நொடியில் மின்னி ஒரே நொடியில் அணையும். அதே திசையில் உள்ளே மயிரிழை விரிசல்களும் ஓடும். வளர்ந்த முகம் சற்று மங்கலாக, வரியோடியிருக்கும். குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சங்கல்லின் பட்டகத்தில் (நுனிக்குக் கீழே தூண்போல் நீளும் பகுதியில்) வரிகள் குறுக்கே, டூர்மலின் என்ற கனிமத்தில் நெடுக்கே.

பிளவு வீணான தடயமல்ல. அந்தக் கறுப்புத் துண்டில் இரு பிளவுகள் 87, 93 பாகையில் சந்தித்தால் அது பைராக்சீன் என்ற கனிம வகை. 56, 124 என்றால் ஹார்ன்பிளென்ட் என்ற வேறு கனிமம். நீலகிரியின் சார்னோக்கைட் பாறைக்கே அடையாளமான ஹைப்பர்ஸ்தீன் பைராக்சீன் வகை. நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முயல்வது வெட்டி வேலை.

சந்தேகம் வந்ததுமே சுத்தியலை ஓங்குகிறார்களே, அதுதான் எரிச்சல். இருந்த ஒரே அசல் முகமும் போச்சு, புதிதாக நாலு போலி முகம் சேர்ந்தாச்சு.

கோணத்தை அளக்காமல் உருவத்தை நம்புவது

ஒரு முகம் அகலமாகவும் எதிர்முகம் கீற்றாகவும் வளரலாம். கோணம் மாறாது, 1669இல் டென்மார்க் அறிஞர் ஸ்டேனோ குவார்ட்ஸில் கண்டது இதைத்தான். ஜியோமெட்ரி பாக்ஸ் பாகைமானியின் மையத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் குண்டூசியால் பொருத்துங்கள். அடிவிளிம்பு ஒரு முகத்தில், பட்டை அடுத்த முகத்தில். இரண்டும் சேரும் விளிம்புக்குப் பாகைமானி செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் அளவு பொய். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். குவார்ட்ஸில் அடுத்தடுத்த பட்டக முகங்களுக்கிடையே 120 பாகை, பட்டகத்துக்கும் நுனி முகத்துக்கும் சுமார் 142. ஓரிரு பாகை முன்பின் இருக்கலாம். பளபளவென்று தீட்டி விற்கும் கூர்நுனிக் கற்கள் பலவும் இந்த 142இல்தான் மாட்டிக்கொள்ளும். குறுக்கு வரிகளும் அவற்றில் இருக்காது.

ஆறு பட்டை என்றாலே வெங்கச்சங்கல்லா?

அபடைட் என்ற கனிமத்துக்கும் ஆறு பட்டை. ஆனால் எஃகுக் கத்தி அதைக் கீறும், குவார்ட்ஸைக் கீறாது. ஆறு பட்டையுள்ள இன்னொரு கனிமமான பெரில் குவார்ட்ஸையே கீறும். அதன் நுனி பெரும்பாலும் மொட்டைத் தட்டை.

கார்னெட்டில் 12 முகம் தேடுவது

இந்த மலைப் பாறைகளில் அது பெரும்பாலும் நெருக்கடியில் வளர்ந்த ஒழுங்கற்ற சிவப்பு மணி. பிளவு இல்லை, கத்திக்கு மசியாது. அதை வைத்துப் பாருங்கள்.

பழுப்புக் கனசதுரம்

உருவம் பைரைட் என்ற பொன்போல் மின்னும் இரும்புக் கனிமத்துடையது, உள்ளே இருப்பது துரு. மெருகில்லாத டைல்ஸ் பின்புறத்தில் தேய்த்தால் மஞ்சள் பழுப்புக் கோடு விழும். பைரைட் என்றால் கரும்பச்சை கலந்த கறுப்பு.

காப்புக்காட்டில் கல் எடுப்பது

கூடாது.

மழைக்காலத்தில் பாறை வெட்டின் அடியில் நிற்பது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கமே வேண்டாம்.